எல்லாருக்கும் வைத்தியம்: புள்ளிக்கு எவ்வளவு?

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்காவிலிருந்து ஒரு மாத லீவில் வந்திருக்கிறார்கள். கல்யாணம், கோயில் என்று ஓடிக்கொண்டே இருந்ததில் போன சனிக்கிழமை சாயங்காலம்தான் எல்லாரும் வீட்டில் சும்மா உட்கார்ந்தோம். முற்றத்தைச் சுற்றிய வளவில் பாய் விரித்து, மசாலா சீயமும் காப்பியுமாக நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பேச்சுவாக்கில் மாப்பிள்ளை, "அங்க வைத்தியச் செலவு ஆளையே விழுங்கிடும். மத்த நாடுகள்ல மாதிரி எல்லாருக்கும் அரசாங்கமே பாத்துக்கணும்" என்றார். எங்கள் செட்டியார் உடனே, "சும்மா கிடைக்கிறதுக்கு மதிப்பு ஏது? வரி கட்டுறது நான், கட்டில்ல படுக்கிறது எவனோ" என்றார். அவ்வளவுதான், ஒரு மணி நேரம் வாக்குவாதம். காப்பி ஆறிப்போயிற்று. பாத்திரம் துலக்க வரும் அம்மா நடுவில், "எனக்குப் பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை எல்லாம் மாசா மாசம் வீட்டுக்கே கொண்டாந்து தர்றாக ஆச்சி" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. அன்று ராத்திரி மாமனாரும் மருமகனும் முகம் கொடுத்துப் பேசவில்லை. யார் சொல்வது சரி? அப்புறம் எங்கள் சங்கதி: அவருக்கு 71, எனக்கு 66. அவருக்கு 12 வருடமாகச் சர்க்கரை. எவர்சில்வர் மொத்த வியாபாரத்தை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார். இதுவரை இன்சூரன்ஸ் எதுவும் எடுத்ததில்லை. இனிமேல் என்ன செய்யலாம்?
பெயர் வேண்டாம், பள்ளத்தூர்

பதில்: ஆச்சிக்கு வணக்கம்.

ஆறிப்போன காப்பியை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை. சீயத்தையாவது மிச்சம் வைக்காமல் சாப்பிட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான் உங்கள் பக்கத்துக்காரி இல்லை. ஆனால் 26 வருடம் காரைக்குடி, திருப்பத்தூர் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில்தான் குப்பை கொட்டினேன். அதனாலோ என்னவோ, உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் வேறு. அன்றைக்கு அந்த வளவில் விஷயத்தை நேராகத் தொட்டவர் ஒருவர்தான். அவர் பேச்சைத்தான் யாரும் காதில் வாங்கவில்லை. அவரிடம் பிறகு வருகிறேன்.

வழக்கு ஏன் முடியவில்லை என்றால், இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பேசவில்லை. மாப்பிள்ளை பேசியது பில்லைப் பற்றி, செட்டியார் பேசியது கட்டிலைப் பற்றி. பணத்தை யார் கட்டுவது என்பது ஒரு கேள்வி. வைத்தியத்தை யார் பார்ப்பது என்பது இன்னொரு கேள்வி. பிரிட்டனில் 1948 ஜூலை 5-ம் தேதி தொடங்கிய ஏற்பாட்டில் பணமும் வரியிலிருந்து வருகிறது, ஆஸ்பத்திரிகளும் பெரும்பாலும் அரசினுடையவை. கனடாவில் பணம் மட்டும் அரசு கொடுக்கிறது. டாக்டர்களில் பெரும்பாலோர் சொந்தக் கிளினிக் வைத்து நடத்துகிறவர்கள். (1962-ல் சஸ்காட்சுவான் மாகாணத்தில் இதைத் தொடங்கியபோது எதிர்த்து 23 நாள் வேலைநிறுத்தம் செய்தவர்களும் டாக்டர்களே. எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை.) ஜெர்மனியில் 1883-லேயே பிஸ்மார்க் காலத்தில் தொழிலாளியிடமும் முதலாளியிடமும் சந்தா பிடித்து ஆரம்பித்தார்கள். மூன்றும் மூன்று தினுசு, ஆனால் மூன்றுக்கும் பெயர் ஒன்றுதான், எல்லாருக்கும் வைத்தியம். செட்டியார் மனசில் இருப்பது அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடக்கும் ஒரு பெஞ்சு. மாப்பிள்ளை மனசில் இருப்பது தபாலில் வந்த ஒரு பில். பெஞ்சும் பில்லும் விடிய விடியச் சண்டை போடலாம்.

சரி, "வரி கட்டுறது நான், கட்டில்ல படுக்கிறது எவனோ" என்பதற்கு வருவோம். இதை வேறு ஊரில் ஒருவர் சொன்னால் பேசாமல் இருப்பேன். செட்டிநாட்டு வளவில் உட்கார்ந்து சொன்னால் எப்படி? புள்ளிக் கணக்கை நான் சொல்லியா நகரத்தாருக்குத் தெரிய வேண்டும்? கல்யாணம் ஆன ஒவ்வொரு ஜோடியும் கணக்கில் ஒரு புள்ளி. கோயில் காரியம், ஊர்ப் பொதுக் காரியம் என்றால் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. சென்னையில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் கட்டிவிடுகிறார்கள். 'இந்த வருசம் நான் திருவிழாவுக்கு வரலை, அதனால என் புள்ளியைக் கழிச்சுக்குங்க' என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. காசியில் நகரத்தார் சத்திரம் இருக்கிறது. காசிப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களின் பணமும் அதில் இருக்கிறது. போகிறவர் மட்டும் காசு கட்டுவது என்றால் அதற்குச் சத்திரம் என்றா பேர்? லாட்ஜ்.

வைத்தியத்துக்குச் சேர்க்கும் பொதுப் பணத்தின் சூட்சுமமும் இதுதான். ஓர் ஊரில் நூறு புள்ளி இருந்தால் வருடத்தில் சிலருக்குத்தான் பெரிய ஆஸ்பத்திரிச் செலவு வரும். அந்தச் சிலர் யார் யார் என்று தை மாதம் யாருக்கும் தெரியாது. அதனால் நூறு பேரும் போட வேண்டும். 'நான் கல்லு மாதிரி இருக்கேன், எனக்கு எதுக்கு' என்று திடகாத்திரமானவர்கள் விலகிக்கொண்டால் மிச்சம் நிற்பது நோயாளிகள். தலைக்கு விழும் தொகை ஏறும். ஏறினதும் இன்னும் பத்துப் பேர் விலகுவார்கள். அமெரிக்காவில் 2010-ல் வந்த சட்டம், காப்பீடு எடுக்காதவருக்கு அபராதம் என்று வைத்தது இந்தக் காரணத்தால்தான். 2019 முதல் அந்த அபராதத்தைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள். மாப்பிள்ளையிடம் கேளுங்கள், அதைப் பற்றி அங்கே நடந்த சண்டையை அவர் இன்னொரு சாயங்காலம் முழுக்கச் சொல்வார்.

புள்ளிக் கணக்கை அப்படியே வைத்தியத்துக்குத் தூக்கி வைக்கவும் முடியாது. புள்ளி வரி தலைக்கு இவ்வளவு என்கிற கணக்கு. மொத்த வியாபாரிக்கும் அவர் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவருக்கும் ஒரே தொகை போட்டால் இரண்டாமவரால் கட்ட முடியாது. எல்லாரும் உள்ளே இருக்க வேண்டும், ஆனால் அவரவர் வசதிக்குத் தக்கபடி போட வேண்டும் என்றால் அது வரியாகவோ வருமானத்துக்கு ஏற்ற சந்தாவாகவோதான் முடியும். இன்னொன்று, அந்த அம்மாவும் வரி கட்டுகிறார். செல்போன் ரீசார்ஜ் செய்யும்போதும் சோப்பு வாங்கும்போதும் ஜி.எஸ்.டி. அவர் கையிலிருந்துதான் போகிறது. செட்டியாருக்கு ரசீது வருகிறது, அவருக்கு வருவதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இருந்தாலும் வியாபாரியிடம் வியாபாரப் பேச்சுதான் எடுபடும். எவர்சில்வர் குடம் வாங்க வருகிறவர் என்ன செய்வார்? சுண்டிப் பார்ப்பார், எடை போடச் சொல்வார், அடுத்த கடையில் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வருவார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் ஆஞ்சியோவைச் சுண்டிப் பார்க்க முடியுமா? எது வேண்டும் என்று சொல்கிறவரும் விற்கிறவரும் ஒரே ஆளாக இருக்கிற கடை உலகத்தில் இது ஒன்றுதான் என்று நான் பேஷண்டுகளிடம் கேலியாகச் சொல்வதுண்டு. கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1963-லேயே இதைக் கேலியில்லாமல் விரிவாக எழுதினார். வைத்தியம் மற்ற சரக்கு மாதிரி இல்லை, சந்தை தானாகச் சரிசெய்துகொள்ளும் என்று விட முடியாது என்பதுதான் சாரம்.

மாப்பிள்ளையின் கோபத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அவர் ஊரில் பணத்துக்குக் குறைவில்லை. 2023-ல் அந்த நாட்டின் மொத்த உற்பத்தியில் 17.6 சதவீதம் வைத்தியத்துக்கே போனது. அப்படியும் அந்த வருடம் ஏறத்தாழ 2.6 கோடிப் பேருக்கு எந்தக் காப்பீடும் இல்லை. 65 வயதானவர்களுக்கு 1965-ல் கொண்டுவந்த மெடிகேர் இருக்கிறது, ஏழைகளுக்கு மெடிகெய்ட் இருக்கிறது. நடுவயதில் வேலைக்குப் போகிறவருக்குக் காப்பீடு பெரும்பாலும் கம்பெனி வழியாகத்தான். வேலை போனால் கூடவே அதுவும் போகும், இல்லையென்றால் கம்பெனி போட்ட பங்கையும் சேர்த்துத் தானே கட்ட வேண்டும். கொள்கை, நாடு என்று அவர் பேசியதற்கு அடியில் இந்தப் பயம் இருந்திருக்கலாம். மாமனாரிடம் அதை வாய்விட்டுச் சொல்ல எந்த மருமகனுக்கு மனசு வரும்? மகளிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

இது ஏதோ வெளிநாட்டிலிருந்து இறக்கிய யோசனை என்று செட்டியார் நினைத்தால் அதுவும் சரியில்லை. 1943-ல் ஜோசப் போர் என்பவர் தலைமையில் வெள்ளைக்கார அரசு ஒரு குழு போட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்துத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் அதில் ஓர் உறுப்பினர். பணம் கட்ட முடியாத காரணத்தால் யாருக்கும் வைத்தியம் கிடைக்காமல் போகக் கூடாது என்று 1946-ல் எழுதிக் கொடுத்தார்கள். பிரிட்டன் தன் ஊரில் தொடங்குவதற்கு இரண்டு வருடம் முந்தி. நான் வேலை பார்த்த ஆரம்ப சுகாதார நிலையம் என்ற யோசனையும் அந்த அறிக்கையில்தான் இருக்கிறது.

இனி, "சும்மா கிடைக்கிறதுக்கு மதிப்பு ஏது?" இதில் செட்டியார் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, மறைக்கப் போவதில்லை. ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று பிடிவாதம் பிடிப்பவர்களை 26 வருடமும் பார்த்தேன். வாங்கிப் போன இருமல் மருந்து பஸ் ஸ்டாப் பெஞ்சுக்கடியில் திறக்காமல் கிடந்ததையும் பார்த்தேன். இதற்காகத்தான் சில நாடுகளில் பெயரளவுக்கு ஒரு கட்டணம் வைத்திருக்கிறார்கள். மலேசியக் குடிமகன் அரசு கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டுவார். தாய்லாந்தில் எல்லாருக்குமான வைத்தியத் திட்டத்துக்கே 30 பாட் திட்டம் என்றுதான் பெயர். பிரிட்டனிலும் தொடங்கிய நாலு வருடத்தில், 1952-ல், மருந்துச் சீட்டுக்குக் காசு வாங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால் கட்டணத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. 1970-களில் அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனம் ஆயிரக்கணக்கான குடும்பங்களை வைத்துப் பல வருடம் பரிசோதித்தது. கையிலிருந்து காசு போட வைத்தால் ஆட்கள் டாக்டரிடம் போவது குறைந்தது. எந்த விதமாகக் குறைந்தது என்பதுதான் விஷயம். வேண்டாத வைத்தியமும் குறைந்தது, வேண்டிய வைத்தியமும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்தது. எது வேண்டாதது என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? எனக்கே சில நாள் தெரியாது.

ஆத்தங்குடிப் பக்கம் டைல் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர் என்னிடம் வந்தார். கண்ணாடிமேல் அச்சு வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி எடுத்து, தண்ணீர்த் தொட்டியில் போடுகிற வேலை. நாள் முழுக்க ஈரத்தில் கால். கிழிந்த வேட்டித் துணியால் சுற்றிய கட்டைப் பிரித்தேன். வெள்ளையாகச் சிமென்ட் படிந்த பாதம், கட்டைவிரல் மட்டும் கறுத்துப்போயிருந்தது. நான் அழுத்திப் பார்த்தபோது அவர் என் மேஜையில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலிக்கவில்லை. வலிக்காததுதான் ஆபத்து. சர்க்கரை நரம்பைச் சாப்பிட்டுவிட்டால் ஆணி ஏறினாலும் தெரியாது. அவருக்குச் சர்க்கரை இருப்பது ஆறு வருடமாகத் தெரியும். எங்கள் நிலையத்தில் மாத்திரைக்குக் காசு கிடையாது. பிறகு ஏன் வரவில்லை? "காலையில வந்து வரிசையில நின்னா அன்னைக்குக் கூலி போச்சுல்ல டாக்டரம்மா."

முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. ஆபரேஷனுக்கு அவருக்கு ஒரு பைசா செலவில்லை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது. கால் போவதற்கு அட்டை பணம் கொடுத்தது. கால் போகாமல் இருக்க அவருக்கு வேண்டியிருந்ததெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்குத் திறந்திருக்கும் ஒரு கதவு.

மாப்பிள்ளை கவனிக்காத இடம் இதுதான். அட்டை கையில் இருந்தால் வைத்தியம் கிடைத்துவிட்டது என்று அமெரிக்காவில் வாழ்கிறவருக்குத் தோன்றும், தப்பில்லை. தமிழ்நாட்டில் அட்டைக்குக் குறைவு இல்லை. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று ஆரம்பித்து, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான காப்பீடாகி, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டோடு சேர்ந்தது. வருட வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. பைபாஸ் செய்துகொண்டு நடமாடும் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். நல்ல திட்டம்தான். ஆனால் அது படுக்கையில் சேர்ந்த பிறகு திறக்கும் பெட்டி. மாதாமாதம் மருந்துக் கடையில் கரைகிற காசை அது பார்க்காது. கடன் வாங்க வைப்பது பல வீடுகளில் அந்தச் சில்லறைச் செலவுதான்.

2013-14-ல் நம் நாட்டில் மொத்த வைத்தியச் செலவில் 64 சதவீதம் ஜனங்கள் சொந்தப் பையிலிருந்து போட்டது. 2021-22 கணக்கில் அது 39.4 சதவீதம். இறங்கியிருக்கிறது, நல்லது. ஆனால் அரசுகள் எல்லாம் சேர்ந்து அந்த வருடம் போட்டது நாட்டு உற்பத்தியில் 1.84 சதவீதம். 2025-க்குள் 2.5 சதவீதம் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கையில் எழுதி வைத்திருந்தோம். என்னைக் கேட்டால், அட்டையில் இன்னொரு ரூபாய் போடுவதற்கு முன்னால் நிலையத்தில் இன்னொரு நர்ஸைப் போடுவேன். மாலை நேரத்துக்கு.

இப்போது அந்தப் பாத்திரம் துலக்கும் அம்மாவிடம் வருவோம். அவர் சொன்னது 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழ்நாடு அரசுத் திட்டம். ஊரிலேயே உள்ள பெண் தன்னார்வலர் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்ப்பார், விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார், மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு நோட்டில் குறித்துக்கொண்டு போவார். டைல் பட்டறைக்காரருக்கு இது பத்து வருடம் முன்னால் வந்திருக்க வேண்டும். அந்த அம்மா கூலி போகாமல், பஸ் ஏறாமல், ஒருத்தரைக் கெஞ்சாமல் மாதம் ஒரு முறை சர்க்கரை பார்த்துக்கொள்கிறார். ஒரு மணி நேரம் நீங்கள் நாலு பேரும், எல்லாருக்கும் வைத்தியம் என்று ஒன்று வந்தால் என்ன ஆகும் என்று சண்டை போட்டீர்கள். அது ஏற்கனவே வந்து, உங்கள் கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தது.

இதைச் சொல்லும்போது ஒன்று கேட்கத் தோன்றுகிறது. செட்டியாருக்குக் கடைசியாக எப்போது சர்க்கரை பார்த்தீர்கள்? நீங்கள் எழுதவில்லை. 12 வருடச் சர்க்கரை என்றால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை வருடத்தில் இரண்டு தடவையாவது வேண்டும். விழித்திரை, சிறுநீரில் புரதம், பாத உணர்ச்சி மூன்றும் வருடம் ஒரு தடவை. இதெல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் வசதியான வீடுகளில்தான் இது விட்டுப்போகும். பழைய சீட்டைக் கொடுத்து அனுப்பி மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டே இருப்பார்கள்.

அப்புறம் உங்கள் இன்சூரன்ஸ். 70 நிறைந்த எல்லாருக்கும் வருமானம் பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையைத் தொடங்கியது. செட்டியாருக்கு வயது இருக்கிறது. ஆதாரை எடுத்துக்கொண்டு சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் காப்பீட்டு அட்டை பதியும் இடத்தில், இங்கே அது நடைமுறையில் இருக்கிறதா என்று கேளுங்கள். நீங்கள் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரி அதை எடுத்துக்கொள்ளுமா என்று அந்த ஆஸ்பத்திரி கவுன்ட்டரிலும் கேட்டுவிடுங்கள். வருமானம் கேட்காமல் வயதை மட்டும் கேட்கிறார்கள் பாருங்கள், மாப்பிள்ளை ஊர் மெடிகேர் மாதிரியே. வரி கட்டுவது நான் என்றவருக்கே கட்டில் போட்டிருக்கிறார்கள்.

உங்களுக்கு 66 தானே, தனியார் பாலிசிதான் வழி. 65 தாண்டினால் புதிதாகக் கொடுக்க மாட்டார்கள் என்பது பழைய கதை, 2024 ஏப்ரலில் அந்த வயது வரம்பை எடுத்துவிட்டார்கள். ஏற்கனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 வருடம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசி சந்தாவுக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. ஆனால் இந்த வயதில் சந்தா கசக்கத்தான் செய்யும். படிவத்தில் எந்த நோயையும் மறைக்காதீர்கள். ஏஜென்ட் 'அதெல்லாம் எழுத வேண்டாம் ஆச்சி' என்றால் அந்த ஏஜென்ட்டே வேண்டாம். அறை வாடகைக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்று மட்டும் கண்ணாடி போட்டுப் படியுங்கள். நாளைக்கு 5,000 என்று வரம்பு வைத்துவிட்டு நீங்கள் 10,000 ரூபாய் அறையில் படுத்தால் அறை வாடகை மட்டும் பாதியாகாது. டாக்டர் ஃபீஸ், நர்சிங் என்று கூட வருவதையும் பாதியாக வெட்டலாம். எல்லாரும் அடிபடுகிற இடம் இது. அப்புறம் கோ-பே என்று ஒரு வரி இருக்கும், பில்லில் இத்தனை சதவீதம் உங்கள் கையிலிருந்து என்று அர்த்தம்.

செட்டியாருக்குத் தனியார் பாலிசியும் எடுக்கலாம்தான். 71 வயசு, 12 வருடச் சர்க்கரை என்றால் சந்தாவும் நிபந்தனையும் கடுமையாக இருக்கும். வரும் விலையைக் கேட்டுவிட்டு, அதே பணத்தை வைத்தியத்துக்கென்று தனி டெபாசிட்டில் போடுவது மேலா என்று அவரையே ஐந்தொகை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வேலையில் என்னைவிட அவர் கெட்டி. மகள் வீட்டுக்கு அமெரிக்கா போகும் யோசனை இருந்தால் இந்த எதுவும் அங்கே செல்லும் என்று நம்ப வேண்டாம். பயணக் காப்பீடு எடுக்காமல் விமானம் ஏறாதீர்கள், பழைய நோய்க்கு அதில் என்ன சொல்லியிருக்கிறது என்றும் பாருங்கள்.

எது எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், உங்கள் ஊருக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இருவரும் ஒரு நாள் போய்வாருங்கள். இரவில் நெஞ்சு வலித்தால் 108 எங்கே கொண்டுபோகும் என்றாவது தெரிந்து வரலாம். உள்ளே ஃபேன் ஓடாமல் இருக்கலாம், கழிப்பறை சுமாராக இருக்கலாம். நீங்கள் பார்த்தால் ஆட்சியருக்கு மனு எழுதுவீர்கள். அந்த அம்மா எழுத மாட்டார்.

யார் சரி என்று கேட்டிருந்தீர்கள். எல்லாரும் உள்ளே இருக்க வேண்டும் என்பதில் மாப்பிள்ளை சரி. சும்மா கொடுப்பதாலேயே காரியம் நடந்துவிடாது என்பதில் செட்டியார் சரி, அவர் சொன்ன காரணம்தான் தப்பு. ஆனால் இந்தத் தீர்ப்பை நீங்கள் வளவில் வாசித்தால் இன்னொரு காப்பி ஆறும்.

அதற்குப் பதிலாக வரும் சனிக்கிழமை ஒன்று செய்யுங்கள். தமிழ்நாட்டில் அரசு மருந்தெல்லாம் 1995-லிருந்து ஒரு கழகம் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறது. பிராண்டுப் பெயர் பார்க்காது, மருந்தின் பெயரில்தான் வாங்கும். வந்த சரக்கை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்துத்தான் வெளியே விடும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் உண்டு, எடுத்த மருந்து பற்றாகும். கேரளாவும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தங்கள் ஊரில் ஆரம்பித்தன. மொத்த வியாபாரம் செய்தவருக்கு இந்தச் சங்கதி ருசிக்கும். அந்த அம்மாவிடம் சர்க்கரை மாத்திரைப் பட்டை ஒன்றை வாங்கிக் காட்டச் சொல்லுங்கள், விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருக்கும். செட்டியாரின் பட்டையைப் பக்கத்தில் வையுங்கள். பிராண்டுப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதை மாப்பிள்ளை வாசிக்கட்டும். இரண்டிலும் மெட்ஃபார்மின் என்று இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மாற்றிச் சாப்பிட்டுவிட வேண்டாம், அளவும் கூட்டும் வேறாக இருக்கும். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். விலை எவ்வளவு என்பதை மட்டும் செட்டியாரே படிக்கட்டும்.